இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டிய கை

என் மருமகள் ஒன்றரை ஆண்டு உழைத்த ஒரு விளையாட்டை நான் ஒரே நாளில் கெடுத்தேன். கெடுத்தது தெரிந்த பிறகும், அது வெளிவரும் வரை பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. முதலாவதை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டு இயற்பியல் நடத்தினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. எங்கள் தேவாலயத்தின் பாடகர் குழுவை நாற்பது ஆண்டுக்கும் மேலாக நடத்தி வருகிறேன். ஆர்மோனியம் கைமாறியது, டோலக் கைமாறியது, போதகர்கள் பத்துப் பேருக்கு மேல் மாறினார்கள். கைத்தாளம் மட்டும் என் கையை விட்டுப் போனதில்லை. என் தாளம் தப்பாது என்பது எங்கள் சபையில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். அதை முதலில் ஒத்துக்கொண்டவன் நான்.

மகன் கப்பலில் எஞ்சினியர். ஆண்டில் எட்டு மாதம் கடலில் இருப்பான். அந்த மாதங்களில் மருமகள் இராஜபாளையத்தில் தன் அம்மா வீட்டில் இருப்பாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், இந்துக் குடும்பம். இந்தக் கல்யாணத்தில் சண்டை ஏதும் நடக்கவில்லை. மாமனார் மருமகள் பகை என்று எதிர்பார்த்து இதை வாசிக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அவளை எனக்குப் பிடிக்கும். என் மனைவி இறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி இராஜபாளையம் போய் அவர்கள் வீட்டில் மதியம் சாப்பிடுவது என் வழக்கமாகிவிட்டது. அவள் அம்மா வாசலிலேயே "ரண்டி, ரண்டி" என்று கூப்பிட்டு, பிறகு எனக்காகத் தமிழுக்கு மாறுவார்.

மருமகள் மாடி அறையில் இருந்தபடியே வேலை பார்த்தாள். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிற ஒரு சிறிய குழு. ஆறேழு பேர், ஆளுக்கொரு ஊர். குழுத் தலைவர் கோயம்புத்தூரில் இருந்தார். சேர்ந்து இரண்டு ஆண்டு வரை அவளுக்குக் கிடைத்தது, மற்றவர்கள் செய்ததில் எந்தப் பட்டன் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று அமுக்கிப் பார்த்துச் சொல்லும் வேலை. மூன்றாவது ஆண்டில்தான் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். அது சரியாக வந்தால் அவளை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு அடுத்த விளையாட்டையும் அவளிடமே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இதை அவள் என்னிடம் ஒருமுறைதான் சொன்னாள். தட்டில் கையை வைத்தபடி, சாதாரணமாக. ஆனால் அதற்குள் எவ்வளவு இருந்தது என்பது எனக்குப் புரிந்துதான் இருந்தது. புரியவில்லை என்று இப்போது சொல்ல மாட்டேன்.

விளையாட்டின் பொருள் ஸ்விங் நடனத்தின் வரலாறு. கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டாம். பிரவுசரில் லிங்க்கைத் திறந்தால் போதும். பாட்டு ஓடும். திரையின் மேலிருந்து அம்புக்குறிகள் இறங்கி வரும். கோட்டைத் தொடும் நேரத்தில் அதே அம்புக்குறியைக் கீபோர்டில் அமுக்க வேண்டும். அமுக்கினால் திரையில் இருக்கிற ஜோடி ஆடும், தவறினால் தடுமாறும். சில இடங்களில் இரண்டு உள்ளங்கைகள் படமாக இறங்கும். அப்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கூட்டம் முழுவதும் கைதட்டும்.

ஒவ்வொரு கட்டமும் ஒரு காலம். நூறு ஆண்டுக்கு முன்னால் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் உண்டாக்கிய ஆட்டம் அது. பகலில் அடுத்தவர் வீட்டில் சமைத்து, துணி துவைத்து, மூட்டை சுமந்தவர்கள் வேலை முடிந்து வந்து ஆடியது. நாட்டின் பெரும்பகுதியில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார முடியாத நாளில் அவர்கள் ஒரே தரையில் ஆடிய கூடங்கள் அங்கே இருந்தன. கால்கள் தேய்த்ததில் தரைப் பலகைகளை அடிக்கடி மாற்ற வேண்டி வந்ததாம். பிறகு உலகப் போர். பிறகு இசை மாறியது, கூடங்கள் மூடின. பல பத்தாண்டுகள் கழித்து வேறு நாட்டு இளைஞர்கள் அந்தப் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்போய், வயதான அவர்களிடமே கற்றுக்கொண்டு ஆட்டத்தை மறுபடி எழுப்பினார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னும் இந்தக் கதை நாலைந்து வரியில் வரும். மருமகள் அதற்காக எவ்வளவோ படித்திருந்தாள். என் கல்லூரியில் இப்படிப் படித்த மாணவர்களை எண்ண எனக்கு ஒரு கை போதும்.

அவள் பொறுப்பு பீட் சார்ட். எந்த அம்புக்குறி எந்த நொடியில் இறங்க வேண்டும், கை எங்கே விழ வேண்டும் என்று பாட்டு முழுவதையும் குறித்துக் கொடுப்பது. ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும். அதன் சத்தம் தன் கணக்கில் கலந்துவிடக் கூடாது என்று நாள் முழுவதும் ஹெட்போனை மாட்டியிருப்பாள்.

வெளியிடுவதற்கு ஒரு மாதம் முன்னால், வெளியாட்கள் சிலர் ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று குழு கேட்டது. அவள் என்னைக் கேட்டாள். எனக்குப் பெருமை. அந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு முன் மாடியில் உட்கார்ந்து ஆடினேன். கீபோர்டு பழக்கம் இருந்தாலும் முதல் பாட்டில் அந்தப் பாவப்பட்ட ஜோடியைப் பலமுறை தடுக்கி விழ வைத்தேன். மூன்றாவது பாட்டில் அம்புக்குறிகள் வசப்பட்டன. கை மட்டும் வசப்படவில்லை. நான் தட்டும்போது கை இன்னும் கோட்டுக்கு வந்திருக்காது. கை கோட்டுக்கு வரும்போது நான் தட்டி முடித்திருப்பேன்.

கீழே வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். "எல்லாம் நல்லா இருக்கும்மா. கை மட்டும் பூராவும் பிந்துது."

"பிந்தல மாமா. அங்க அப்படித்தான். நாலு நாலா எண்ணுனா ரெண்டுலயும் நாலுலயும்தான் கை தட்டுவாங்க. ஒண்ணுல தட்டுனா சிரிப்பாங்க."

"ஒண்ணுதானம்மா தலை. தலைய விட்டுட்டுத் தோளுல தட்டச் சொல்லுதியே."

அவள் அம்மா சிரித்துவிட்டார். கேட்க ஆள் கிடைத்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்பது வருஷமாகத் தாளம் போடுகிறவன் என்று ஆரம்பித்து, பிந்தித் தட்டுகிறவர்களை நான் எப்படித் திருத்தியிருக்கிறேன் என்று குழம்பு ஆறும் வரை பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்பிட்ட பொறவு கண்ண மூடிட்டு இன்னொருக்க கேளுங்க மாமா" என்றாள். நான் கேட்கவில்லை. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றேன். மூன்று மணிக்குப் பிறகும் பஸ் உண்டு.

மறுநாள் நான் செய்ததுதான் காரியத்தைக் கெடுத்தது. வெறும் கருத்தாக எழுதியிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். நான் அளந்தேன். ஒரு பாட்டை எடுத்து, நான்கு எண்ணிக்கை கொண்ட ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் நேரத்தையும் கை விழும் நேரத்தையும் நிறுத்து கடிகாரத்தில் குறித்தேன். ஐந்து தடவை எடுத்துச் சராசரி கண்டேன். அட்டவணை போட்டேன், வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். ஒவ்வொரு கையும் சரியாக ஒரு எண்ணிக்கை தள்ளி விழுந்தது. "இது தற்செயல் பிழை அல்ல, முறைப்பிழை. செய்தவருக்குத் தாளத்தின் தொடக்கம் பிடிபடவில்லை" என்று முடிவுரை எழுதினேன். படிவத்தில் அனுபவம் என்று கேட்டிருந்த இடத்தில் என் பேராசிரியர் பணியையும் பாடகர் குழுவையும் ஆண்டுகளோடு நிரப்பி, வரைபடத்தைப் படம் பிடித்துச் சேர்த்து அனுப்பினேன். படிவம் அவளுக்குப் போகாது, குழுத் தலைவருக்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியும். அதில் மேலேயே எழுதியிருந்தது.

ஒரு பிழை ஒரு தடவைகூடக் கூடாமல் குறையாமல் அதே அளவில் வந்தால், அது வேண்டுமென்றே செய்ததாக இருக்குமோ என்று முதலில் யோசிக்க வேண்டும். முதலாண்டு மாணவன் இதைத் தவறவிட்டால் நான் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். என் சொந்தத் தாளில் குறைக்கவில்லை.

ஆடிப் பார்த்த மற்றவர்களும் எங்கள் பக்கத்து மனிதர்கள்தான். ஒருவர் மதுரை, ஒருவர் திருப்பூர், மற்றவர்கள் கோயம்புத்தூர். ஒருவர் விடாமல் எல்லாரும் கையைத் தவறவிட்டிருந்தார்கள். பஜனையில் தட்டினாலும் கீர்த்தனையில் தட்டினாலும் கல்யாண மண்டபத்தில் தட்டினாலும் நம் கை ஒன்றில்தான் விழும், அப்படியே வளர்ந்துவிட்டோம். ஆனால் காரணம் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை, கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினார்கள். காரணம் சொன்னவன் நான். குழுத் தலைவர் இசை தெரியாதவர், ஆனால் வரைபடம் புரிந்தவர். எல்லாப் பாட்டிலும் கையை ஒரு எண்ணிக்கை முன்னால் இழுக்கச் சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் வாதாடியிருக்கிறாள். மூன்றாம் நாள் அவர் என் வரைபடத்தையே அவளுக்கு அனுப்பினாராம். அதில் என் கையெழுத்து இருந்தது. அதன் பிறகு அவள் வாதாடவில்லை. இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிய வந்தவை.

அடுத்த ஞாயிறு சாப்பிடும்போது, "மாத்தியாச்சு மாமா" என்று மட்டும் சொன்னாள். நான் நல்லது என்றேன். இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எனக்குத் தெரியவந்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை காலையில். ஊருக்கு வெளியே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போனதால் நடைப்பயிற்சியைப் பாதியில் முடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். காபி குடித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் அந்த ஆட்டத்தின் பழைய படத்துண்டு ஒன்றைப் பார்த்தேன். இதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். நடுவயதுள்ள ஓர் ஆணும் பெண்ணும், சுற்றிலும் கூட்டம். பார்ப்பதற்கு எளிதாக இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. எழுந்தேன். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் பிரிட்ஜ் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள் செய்ததுபோல ஒன்றில் இடது காலைப் பின்னால் வைத்து உடம்பின் கனத்தை அதில் இறக்கினேன். இரண்டில் வலது கால் வாங்கிக்கொண்டது. நாலைந்து சுற்றில் கால் பழகிவிட்டது. அப்போது கைப்பிடியை விட்டுவிட்டு, ஒன்றில் கை தட்டினேன்.

உடம்பு நின்றுவிட்டது. காலும் கையும் ஒரே இடத்தில் விழுந்ததும், மூட்டையைத் தரையில் போட்டதுபோல எல்லாம் அங்கேயே அமர்ந்துவிட்டது. அடுத்த அடிக்கு எழும்ப முடியவில்லை. மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை காலை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, கையை இரண்டு வரை நிறுத்தி வைத்தேன். இரண்டில் தட்டியதும் உடம்பு தானாக மேலே வந்தது. நான்கில் மறுபடி வந்தது. அறையில் எழுபத்து நான்கு வயதுக் கிழவன் ஒருவன் பிரிட்ஜுக்கு முன்னால் எம்பி எம்பி ஆடிக்கொண்டிருந்தான். படத்தில் கூட்டமும் அதே இடத்தில்தான் தட்டியது.

இது எனக்குப் புதிய செய்தியும் அல்ல. எங்கள் கீர்த்தனைகளில் பாதி, தாளம் விழுந்து அரை எண்ணிக்கை கழித்துத்தான் தொடங்கும். "கைய மொதல்ல போடு, வாய் பொறவு வரட்டும்" என்று நாற்பது ஆண்டாக ஒவ்வொரு புதுப் பாடகருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்களிடம் கை முதலில், குரல் பிறகு. அவர்களிடம் கால் முதலில், கை பிறகு. ஒன்றை அவர்கள் விட்டுவிடவில்லை. அதன் மேல் நிற்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் இடத்தைக் கையால் வேறு அடித்துக் காட்ட அவர்களுக்குத் தேவையில்லை. இருக்கையில் உட்கார்ந்தபடி தட்டுகிறவனுக்கு இது விளங்காது. நான் உட்கார்ந்தபடியே தீர்ப்பு எழுதியிருந்தேன்.

போனை எடுத்தேன். அவள் எண் திரையில் இருந்தது. வெளியிடப் புதன்கிழமை வரை நாள் பாக்கி இருந்தது. அதுவும் அடுத்த வாரத்துப் புதன். மாற்றியதைத் திரும்ப மாற்ற அவளுக்கு மூன்று நாள் போதும். போனைக் கீழே வைத்துவிட்டு காபி டம்ளரைக் கழுவினேன்.

ஏன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பணியில் இருந்த காலத்தில் நான் ஒருமுறை போட்ட மதிப்பெண்ணை மாற்றியதில்லை. மறுபடி திருத்தக் கேட்டு வந்த பிள்ளைகளை உட்கார வைத்து, அவர்கள் வாயாலேயே போட்டது சரி என்று சொல்ல வைத்து அனுப்புவேன். அது நேர்மை என்று நானும் நினைத்தேன், மற்றவர்களும் சொன்னார்கள். அந்தப் பழக்கம்தான் அன்று டம்ளரைக் கழுவியது.

மறுநாள் ஆராதனையில் வாலிபர்கள் கிதாரோடு ஒரு பாட்டுப் பாடினார்கள். பாடும்போது இரண்டிலும் நான்கிலும் கை தட்டினார்கள். வருஷக்கணக்காக அவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள், நான் கைத்தாளத்தை ஓங்கித் தட்டி ஒன்றுக்கு இழுத்து வருவேன். அன்றும் இழுத்தேன். தெரிந்தே இழுத்தேன். பிறகு பஸ் ஏறிப்போய் மருமகள் பரிமாறியதைச் சாப்பிட்டேன். அதற்கு அடுத்த ஞாயிறும் போனேன். "புதன்கெழம வெளிவருது மாமா" என்றாள். வாழ்த்துச் சொன்னேன்.

புதன்கிழமை வெளிவந்தது. முதல் இரண்டு நாள் பாராட்டு. படங்களையும் வரலாற்றுக் குறிப்புகளையும் புகழ்ந்தார்கள். பிறகு உண்மையிலேயே அந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் கண்ணில் பட்டது. விளையாட்டுக்குக் கீழே கருத்து எழுதும் பகுதியை நான் ஒவ்வொரு மணி நேரமும் திறந்து பார்த்தேன். கை எல்லாம் தவறான இடத்தில் விழுகிறது என்று பெங்களூரிலிருந்து ஒருவர் தொடங்கினார். வெளிநாடுகளிலிருந்து தொடர்ந்து வந்தது. தட்டவே தெரியாதவர்கள் எங்கள் ஆட்டத்தைக் கொண்டாட வந்துவிட்டார்கள் என்று ஒருவர் கேலி செய்தார். ஹார்லெமிலேயே பிறந்து வளர்ந்ததாகச் சொன்ன ஒரு மூதாட்டி கோபப்படாமல் இரண்டு வரி எழுதியிருந்தார். தன் பெற்றோர் ஆடிய கூடத்தில் ஒருவரும் ஒன்றில் தட்டியதில்லை. இதைச் செய்தவர்கள் அன்போடு செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது, யாராவது ஒருவரைக் கேட்டிருக்கலாம் என்றார். கேலியை என்னால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை. விளையாட்டின் கடைசித் திரையில், பீட் சார்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் மருமகளின் பெயர் இருந்தது.

அந்த ஞாயிறு நான் போனபோது அவள் தலைவலி என்று கீழே வரவில்லை. அவள் அம்மாதான் பரிமாறினார்.

"அவ சொல்ல மாட்டா அண்ணய்யா, நான் சொல்லுதேன்" என்று என் எதிரில் உட்கார்ந்தார். "அந்தப் பொறுப்ப வேற ஆளுக்குக் குடுத்துட்டாகளாம். இவளுக்கு இனிமே பழையபடி பட்டனை அமுக்கிப் பாக்குற வேலதானாம். யாரோ பெரிய படிப்புப் படிச்சவரு சொன்னாருன்னு மாத்துனாகளாம். அவரு யாருடின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. நீங்களும் படிச்சவிய. அந்த ஆளப் புடிச்சு நாலு வார்த்த கேக்கப்படாதா?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றை விழுங்கினேன். விசாரிக்கிறேன் என்றேன். மாடிப்படி ஐந்தடி தள்ளித்தான் இருந்தது. அன்று அதில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். ஞாயிறு தவிர வேறு நாளில் நான் அங்கே போனதே இல்லை. அவள் அம்மா கடைக்குப் போயிருந்தார். நேரே மாடிக்கு ஏறினேன். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி, எழுந்து, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"கையைப் பத்தி நான் எழுதுனது தப்பும்மா. நீ சொன்னதுதான் சரி."

"தெரியும் மாமா" என்றாள். பிறகு கேட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. பஸ்ஸில் வரும்போது அதற்கு ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"வெளிவர்றதுக்குப் பதினோரு நாள் முன்னால" என்றேன்.

அவள் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

"தப்பாச் சொன்னதுக்கு நான் கோவப்படல மாமா. ஆடிப் பாத்த அம்புட்டுப் பேரும் ஒண்ணுலதான் தட்டுனாங்க. அது பழக்கம். ஆனா அந்தப் பதினோரு நாளுக்குள்ள ரெண்டு ஞாயித்துக்கெழம இங்க வந்து சாப்பிட்டிய."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னது தப்புன்னு உங்கிட்டச் சொல்ல முடியல."

"எங்கிட்டன்னா? நான் யாரு மாமா, நீங்க பெயிலாக்குன புள்ளயா?"

குழுத் தலைவருக்கு எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க. எங்கிட்டக் காட்ட வேண்டாம். நான் சொல்லி எழுதுனதா ஆயிரக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் படியிறங்கும்போது அவள் அம்மா பையோடு உள்ளே வந்தார். அந்தப் படித்த ஆள் நான்தான் என்று அவரிடமும் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்தார். வழக்கமாகச் சொல்லும் காபி குடிக்கிறீர்களா என்ற வார்த்தையை அன்று சொல்லவில்லை.

அன்றே கடிதம் எழுதினேன். நான் அளந்த எண்கள் சரி, அவற்றிலிருந்து கண்ட முடிவு தவறு என்று தொடங்கி, ஏன் தவறு என்பதை ஒரு பக்கத்தில் விளக்கினேன். முதலில் குறித்தவர் சரியாகவே குறித்திருந்தார், எதிர்த்தும் சொன்னார், அவரை மீறி மாற்றக் காரணமானவன் நான், நான் அவருடைய மாமனார் என்பதையும் மறைத்திருந்தேன் என்று எழுதினேன். இதே விஷயத்தைச் சுருக்கி, கருத்துப் பகுதியிலும் ஆங்கிலத்தில் என் பெயரும் வயதும் போட்டு எழுதினேன். சிலர் சிரித்தார்கள். ஹார்லெம் மூதாட்டி பதில் எழுதினார்: நன்றி, இனி நின்றுகொண்டு தட்டுங்கள்.

குழுத் தலைவர் போன் செய்தார். மரியாதையான மனிதர். கைகளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டதாகவும், அதை என் மருமகளே செய்வதாகவும் சொன்னார். அந்தப் பொறுப்பை அவளுக்கே திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். புது ஆளுக்கு வார்த்தை கொடுத்தாயிற்று என்றார். நீங்களும்தானே என் வரைபடத்தை நம்பினீர்கள் என்றேன். "ஆமா சார், என் தப்பும் உண்டு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. தவறை ஒத்துக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்தது. அதனால் அவர் இழந்தது எதுவும் இல்லை.

அதன் பிறகு ஐந்து ஞாயிறு நான் இராஜபாளையம் போகவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடவும் இல்லை. ஆறாவது வாரம் அவளே போன் செய்து வரச் சொன்னாள். சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வேறொரு விளையாட்டுக் குழுவுக்கு விண்ணப்பம் போடுகிறாளாம். உங்கள் வேலையில் நடந்த ஒரு பெரிய தவறையும் அதிலிருந்து என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுக என்று ஒரு கேள்வி. அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதில் பாதி இது: அனுபவமுள்ள, உறுதியான ஒரு சோதனையாளர் என் குறிப்பு தவறு என்றார். அவர் தவறு என்று எனக்குத் தெரியும். அவர் மேல் இருந்த மரியாதையால், ஆட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டு நிரூபிக்காமல் விட்டுவிட்டேன். பிறகு அவருக்கு உண்மை தெரிந்தது. பதினோரு நாள் சொல்லவில்லை.

"அங்கிருந்து யாராவது கேட்டா நீங்க பேச வேண்டியிருக்கும். அதுக்குத்தான் காட்டுதேன்" என்றாள்.

"சோதனையாளர்னு எதுக்கு? மாமனார்னே போடும்மா."

"வேலைக்கு எழுதுறதுல குடும்பக் கத எதுக்கு மாமா?"

இரண்டாவது வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. விரல் அதை நோக்கிப் போனது. விரலை மடக்கிக்கொண்டேன். அப்படியே அனுப்பினாள்.

அவர்கள் என்னைக் கேட்கவே இல்லை. விளையாட்டை ஆடிப் பார்த்தார்களாம், அவளோடு இரண்டு முறை பேசினார்களாம், எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் நிரந்தரம். கேள்விப்பட்டதும் சபையில் எல்லாரிடமும் சொன்னேன். நல்ல செய்தி என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் போன வருஷம் இதே மாதத்தில் அவள் நின்ற இடம் இதுதான், நிரந்தரமா இல்லையா என்பது இன்னும் ஆறு மாதத்தில் தெரியும் என்கிற இடம். என் மேல் இருந்த மரியாதைக்காக அவள் ஒரு வருஷத்தைக் கொடுத்து, தொடங்கிய இடத்திலேயே மறுபடி நிற்கிறாள். திங்கட்கிழமை அவளுக்கு முதல் நாள். காலை ஒன்பது மணிக்குப் போன் செய்து வாழ்த்தினேன். "சரி மாமா, செத்த வேல இருக்கு, வைக்கட்டா?" என்றாள். வை என்றேன்.